ஐந்தறிவும் ஆறாம் அறிவும்: அறிகையின் கூர்ப்பு பற்றிய மாதிரியுருக்களும் மலையகத்தின் கொழுந்துக் கையும்

1

அறிவு எவ்வாறு தோன்றியது, எவ்வெப் படிகளைக் கடந்து மனித சிந்தனையாக வளர்ந்தது என்னும் வினா நெடுங்காலம் மெய்யியலாளருக்கு உரியதாகவே கருதப்பட்டு வந்தது. கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாக உயிரியலாளரும் உளவியலாளரும் கணினி அறிஞரும் அவ்வினாவைத் தமதாக்கிக்கொண்டுள்ளனர். எளிய உயிரியின் தெறிவினை தொடங்கி அளவையியல், கணிதம் வரையிலான வளர்ச்சியைப் படிகளாக வகுத்து, ஒவ்வொரு படியையும் பொறியிலே செய்து பார்க்கத்தக்க மாதிரியுருவாக அமைத்தல் அவர்தம் நோக்கமாகும். செயற்கை நுண்ணறிவு என்று இன்று எங்கும் பேசப்படும் துறை தன் அடித்தளத்தை அறிந்துகொள்ள இம்முயற்சி உதவும் என்பது அவர்களது எதிர்பார்ப்பு.

இதில் இலக்கிய மாணவருக்கு என்ன வேலை என்று கேட்கப்படலாம். அறிவை ஏணியாக உருவகித்தல் நமக்குப் புதியதன்று. தமிழின் தொன்மையான இலக்கண நூலிலேயே அத்தகைய ஏணியொன்று உண்டு; அவ்வேணியின் சொற்கள் இன்றும் நமது பேச்சில் வாழ்கின்றன. 'ஐந்தறிவு', 'ஆறறிவு' என்பன வெறும் உயிரியற் பாகுபாடுகளாக நில்லாது, மனிதர் மனிதரை அளக்கும் கோல்களாகவும் பயன்பட்டுள்ளன. ஆகவே ஏணிகள் யாரால், எங்கு நின்று வரையப்படுகின்றன என்று ஆராய்தல் திறனாய்வின் கடமையே.

அவ்வாராய்ச்சிக்கு ஏற்ற உரைகல்லாக இக்கட்டுரை மலையகத்தைக் கொள்கின்றது. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவிலே, 109 மீற்றர் உயரமுள்ள நீர்வீழ்ச்சியால் பயணிகளிடையே பெயர்பெற்ற இறம்பொடை, அந்நீர்வீழ்ச்சியைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் மக்களின் ஊருமாகும். அங்குள்ள கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி தன் விரல்நுனியால் அறிவது எத்தகைய அறிவு? அறிகையின் கூர்ப்பைப் பற்றிய மாதிரியுருக்களில் அவ்வறிவுக்குரிய இடம் யாது? இவ்விரு வினாக்களையும் விடுத்து மனித அறிவின் வரலாற்றை எழுதுதல் இயலாது என்பதே இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

2

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கின்றது. புல்லும் மரமும் தொட்டறியும் ஓரறிவின. நந்தும் முரளும் சுவையும் கூடிய ஈரறிவின. சிதலும் எறும்பும் மோப்பமும் கூடிய மூவறிவின. நண்டும் தும்பியும் பார்வையும் பெற்ற நான்கறிவின. செவியும் உடைய மாவும் மாக்களும் ஐயறிவின. மனமும் உடைய மக்கள் ஆறறிவினர். தொடுகை முதலாகவும் மனம் ஈறாகவும் அமைந்த இவ்வரிசை, புலன்களைப் பற்றிய கூர்ந்த நோக்கின் விளைவு என்பதில் ஐயமில்லை. சமண மெய்யியலும் உயிர்களை இதே புலன்வரிசையில் வகுப்பதை உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்திற் காணலாம். எஸ். வையாபுரிப்பிள்ளை போன்றோர் தொல்காப்பியர் சமணர் என வாதிட்டபோது இவ்வொற்றுமையையும் சான்றாகக் கொண்டமை அறிஞர் அறிந்ததே.

இதனை வைத்துத் தமிழர் டார்வினுக்கு முன்பே கூர்ப்புக் கொள்கையைக் கண்டுவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். இது பழம்பெருமையின் மயக்கம். மரபியலின் ஏணியில் எவ்வுயிரும் ஒரு படியிலிருந்து மறுபடிக்கு ஏறுவதில்லை. அது நிலைத்த வைப்புமுறை. காலம் அதனுள் புகவில்லை. 1859 இல் வெளிவந்த டார்வினின் நூல் உயிர் வகைகளின் நிலைபேற்றையே உடைத்தது. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது இரண்டுக்கும் நீதி செய்வதாகாது.

மரபியலில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது வேறொரு சொல்லாகும். ஐயறிவுடையனவற்றுள் 'மா' என்னும் விலங்கோடு 'மாக்கள்' என்போரும் சேர்த்து எண்ணப்படுகின்றனர். ஆறறிவு 'மக்கள்' என்போருக்கே வழங்கப்படுகின்றது. உருவத்தால் மனிதராயினும் மனவுணர்வு இல்லாதவர் மாக்கள் என்ற பொருள் உரைமரபில் நிலைபெற்றது. சங்கச் செய்யுட்களில் இச்சொல் பல்வேறு மனிதக் கூட்டங்களைச் சுட்ட வழங்கியுள்ளது. அங்கெல்லாம் இழிவுக்குறிப்பு இருந்ததாகக் கூறமுடியாது. ஆயினும் இலக்கணம் அதனை ஐந்தாம் படியில் நிறுத்தியபின், ஒரு குறில் நெடில் வேறுபாடு மனிதகுலத்தை இரண்டாகப் பிரிக்கும் கோடாக மாறிவிடுகின்றது. அறிவின் பாகுபாடு இங்குச் சமூகப் பாகுபாட்டின் மொழியைப் பேசத் தொடங்குகின்றது.

அறிவுகளின் வரிசையும் கருதத்தக்கது. தொடுகை எல்லா உயிர்க்கும் பொதுவாகையால் கடைசிப் படியிலே வைக்கப்பட்டது. பொதுவானது தாழ்ந்தது என்ற எண்ணம் இவ்வைப்புமுறையில் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. எனினும் அதன் வாசகர் அவ்வாறு கொள்வதற்குத் தடையேதும் இருக்கவில்லை. கையால் செய்யும் தொழில் இழிந்தது, மனத்தால் செய்யும் தொழில் உயர்ந்தது என்ற சாதிச் சமூகத்தின் தீர்ப்புக்கு இவ்வேணி வசதியாக அமைந்தது.

3

இனி நவீன மாதிரியுருக்களுக்கு வருவோம். 1941 இல் ஒஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோறன்ஸ், கான்ட் கூறிய அனுபவத்திற்கு முந்திய அறிவுவடிவங்களைக் கூர்ப்பின் நோக்கில் விளக்க முற்பட்டார். காலம், இடம், காரணகாரியம் ஆகியன தனிமனிதனுக்கு அனுபவத்திற்கு முந்தியனவாக இருக்கலாம். ஆனால் அவன் சார்ந்த உயிரினத்துக்கு அவை நெடுங்கால அனுபவத்தின் விளைவு என்பது அவரது வாதம். மீனின் செட்டை நீரின் இயல்புக்கு ஏற்ப உருப்பெற்றதுபோல, சிந்தனையின் வடிவங்களும் உலகின் இயல்புக்கு ஏற்ப உருப்பெற்றன என்பது இதன் உட்கிடை. மனித அறிவு இயற்கைக்குப் பொருந்துவது ஏன் என்ற பழைய புதிருக்கு இது பொருள்முதல்வாதச் சாயலுள்ள விடையே. எனினும் லோறன்ஸ் 1938 இலேயே நாசிக் கட்சியிற் சேர்ந்தவர் என்பதும், அக்காலத்தில் மனித இனத்தின் 'சீரழிவு' பற்றி எழுதியவர் என்பதும் மறைக்கத்தக்கனவல்ல. உயிரியல் ஏணி எவ்வளவு விரைவில் மனிதரைத் தரம்பிரிக்கும் ஏணியாக மாறும் என்பதற்கு அவர் வரலாறே சான்று.

சோவியத் நாட்டில் பௌதிகவியலாளரும் கணினி அறிஞருமான வலந்தீன் தூர்ச்சின் எழுதி, 1977 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல் இவ்வகையில் முக்கியமானது. ஒவ்வொரு படியும் தனக்குக் கீழுள்ள படியைக் கட்டுப்படுத்துவதால் தோன்றுகின்றது என்பது அவரது கொள்கை. நிலையைக் கட்டுப்படுத்துவது அசைவு. அசைவைக் கட்டுப்படுத்துவது எளிய தெறிவினை. அதனைக் கட்டுப்படுத்துவது சிக்கலான தெறிவினை. அதற்குமேல் பாவ்லொவ் ஆராய்ந்த வகையிலான இணைவுகளைக் கற்றல். இணைவுகளைக் கட்டுப்படுத்துவது மனித சிந்தனை. சிந்தனையைக் கட்டுப்படுத்துவது பண்பாடு. மரபியலின் ஏணிபோலன்றி இதில் காலம் உண்டு. ஒரு படி மறுபடியைப் பிறப்பிக்கும் விசையும் உண்டு. அளவுமாற்றம் பண்புமாற்றமாவதை இயங்கியல் பயின்றவர் இதில் எளிதில் இனங்காண்பர்.

ஆனால் இம்மாதிரியுருவில் உயர்வுக்கான உரைகல் 'கட்டுப்பாடு' என்பதாகும். மேற்படி கீழ்ப்படியை ஆள்கின்றது; ஆள்வதே அதன் அறிவு. தூர்ச்சின் கருவிகளையும் உற்பத்தியின் வளர்ச்சியையும் பற்றிப் பேசுகிறார் என்பது உண்மையே. ஆயினும் கருவி யார் கையில் இருக்கின்றது, கணக்கு யார் ஏட்டில் இருக்கின்றது என்ற வினா அங்கு எழவில்லை. மனிதகுலம் என்ற ஒரே உயிர் ஒருமுகமாகச் சிந்திப்பதுபோல் அவரது பண்பாட்டுப் படி அமைந்துவிடுகின்றது. வர்க்கங்களாகப் பிரிந்த சமூகத்தில் அறிவும் பிரிந்தே வளர்கின்றது என்பதற்கு அதில் இடமில்லை.

4

இக்குறையை நிறைவுசெய்யும் சிந்தனை மார்க்சிய மரபிலே முன்பே தோன்றியிருந்தது. 1876 இல் ஏங்கல்ஸ் எழுதி, அவர் மறைந்தபின் 1896 இல் வெளிவந்த, குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றிய கட்டுரை அவ்வகையில் முன்னோடியானது. மூளை வளர்ந்து கையைப் பயன்படுத்தியது என்ற பொதுவான எண்ணத்தை அது புரட்டிப்போட்டது. நிமிர்ந்த நடை கையை விடுவித்தது. விடுபட்ட கை உழைப்பிலே நுண்மை பெற்றது. கூட்டுழைப்பு பேச்சின் தேவையைப் பிறப்பித்தது. உழைப்பும் பேச்சும் சேர்ந்து மூளையை வளர்த்தன என்றார் ஏங்கல்ஸ். உழைப்பின் கருவி மட்டுமன்றி உழைப்பின் விளைபொருளுமாகக் கையை அவர் கண்டமை நுணுகி நோக்கத்தக்கது. பயின்று பெற்ற திறன் பிறப்புவழி அப்படியே இறங்கும் என்ற அக்கால நம்பிக்கை அவரிடமும் இருந்தது. இன்றைய மரபியல் விஞ்ஞானம் அதனை ஏற்காது. ஆயினும் கைக்கும் மூளைக்குமுள்ள வரலாற்று உறவுபற்றிய அவரது மையக்கருத்து வலுவுடையதாகவே உள்ளது.

இறம்பொடை மலையில் சின்மயா மிஷன் அமைத்த ஆஞ்சநேயர் கோயில் இன்று பெருந்தொகையான யாத்திரிகரை ஈர்க்கின்றது. இராமாயண மரபில் அனுமன் சூரியனிடம் பாடங்கேட்டு இலக்கண வல்லவனானவன். வானரமொன்று சொல்வன்மை பெற்றதை ஞாயிற்றின் அருளால் விளக்கியது பழங்கதை. ஏங்கல்ஸ் அதனைக் கூட்டுழைப்பால் விளக்கினார். இரண்டும் விடைகூற முயன்ற புதிர் ஒன்றே என்பதைக் காணும்போது, கதைகளை எள்ளி நகையாடாமலே நாம் அவற்றைக் கடந்துசெல்ல முடிகின்றது.

தொல்லியல் தரும் கால அளவுகள் இவ்விடத்திற் பயன்படும். 1863 இல் இறொபேட் புரூஸ் ஃபூட் தமிழ்நாட்டில் கற்கருவிகளை இனங்கண்டார். அவர் கண்ட இடங்களுள் ஒன்றான அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் நடத்திய அகழ்வாய்வு, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011 இல் வெளியான ஆய்வில் நிறுவியது. நமது நாட்டின் பாகியன்கலக் குகையில் கிடைத்த என்புமுனைகள், ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மழைக்காட்டு வேட்டையில் வில்லும் அம்பும் பயன்பட்டமைக்குச் சான்றெனக் கொள்ளப்படுகின்றன. தமிழ் எழுத்தின் வயதோ ஈராயிரம் ஆண்டுகளைச் சற்றே கடந்தது. கையின் அறிவு திரண்ட காலத்தோடு ஒப்பிட, ஏட்டறிவின் காலம் ஒரு நாளின் கடைசி நிமிடங்களுக்கே நிகராகும்.

சோவியத் உளவியலாளர் லெவ் வைகொட்ஸ்கி (1896-1934) இவ்விளக்கத்தைத் தனிமனித வளர்ச்சிக்கு எடுத்துச் சென்றார். உயர்நிலை உளச்செயல் ஒவ்வொன்றும் முதலில் மனிதருக்கிடையே தோன்றி, பின்னரே ஒருவருள் குடிகொள்கின்றது என்பது அவர் கண்ட உண்மை. அறிகை தனித்த மண்டையோட்டுக்குள் முளைப்பதில்லை. தாயின் பக்கத்து நிரையில் நின்று கொழுந்தெடுக்கப் பழகும் பெண், தாயின் கண்ணையும் விரலையும் முதலில் கடனாகப் பெற்று, பின்னரே தனதாக்கிக்கொள்கின்றாள்.

5

அவள் கற்பது யாது? இரண்டு இலையும் ஓர் அரும்பும் என்று விளம்பரப் படங்கள் சுருக்கிவிட்ட செயலில் உண்மையில் பல முடிவுகள் அடங்கியுள்ளன. ஒரே செடியின் தளத்தில் வெவ்வேறு வயதுடைய தளிர்கள் நெருங்கி நிற்கின்றன. இன்று எடுக்கவேண்டியது எது, அடுத்த சுற்றில் ஏறத்தாழ ஒரு வாரங்கழித்து வரும்போது பருவம் எய்தப்போவது எது, அரும்பு உறங்கிவிட்டதால் கிள்ளி நீக்கவேண்டியது எது என்று தீர்மானிக்க வேண்டும். தண்டின் இளமையை விரல் அறியும். ஒடியும் இடத்தின் மென்மை முற்றலையும் இளசையும் பிரித்துக் காட்டும். கவ்வாத்து வெட்டி எத்தனை ஆண்டாயிற்று, மழை தொடர்ந்ததா, பனி கருக்கியதா என்பனவற்றைப் பொறுத்து அத்தீர்மானங்கள் மாறும். இவை யாவும் இரண்டு கைகளும் ஒருங்கியங்க, செங்குத்தான சரிவில் கால் நிலைகொள்ள, முதுகிலே கூடை கனக்க, கண் ஒவ்வொரு தளிரிலும் தங்காத வேகத்தில் நடைபெறுகின்றன. ஒரு கிலோகிராம் தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோகிராம் பச்சைக் கொழுந்து தேவை என்பதை நினைந்தால், ஒரு பொழுதில் அவள் எடுக்கும் முடிவுகளின் தொகை புலனாகும்.

இவ்வறிவு தோட்ட அமைப்பில் எவ்விடம் பெற்றது? தோட்டம் அறிவை உறுப்புக்களாகப் பிரித்தது. கொழுந்து எடுப்பவள் கை. மேற்பார்வை செய்பவன் கண்காணி. நிறையையும் பேரையும் ஏட்டில் எழுதுபவர் கணக்கப்பிள்ளை. இவை அனைத்துக்கும் மேல் மனமாக வீற்றிருந்தவர் துரை. பேச்சுவழக்கில் கங்காணி எனத் திரிந்த கண்காணி என்ற சொல்லை ஊன்றி நோக்குக. ஆட்சேர்ப்பு, கடன், மேற்பார்வை ஆகியவற்றின் திரண்ட வடிவமாக விளங்கிய ஒருவனுக்குப் பார்க்கும் தொழிலே பெயராயிற்று. மரபியலின் ஏணியில் தொடுகைக்கு மேலே பார்வை, பார்வைக்கு மேலே மனம். தோட்டத்தின் ஏணியிலும் அவ்வாறே. இலக்கணத்திலிருந்து இவ்வேணியைப் பிரித்தானிய முதலாளி கடன்வாங்கவில்லை. கீழிருப்போரின் உழைப்பில் மேலிருப்போர் வாழும் சமூகங்கள், வெவ்வேறு காலங்களில், ஒத்த ஏணிகளையே வரைகின்றன.

ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்து வழக்கு 'பேர்' என்பதாகும். குறித்த நிறை எடுபடாதபோது விழுவது 'அரைப்பேர்'. ஒருத்தியின் பெயரே பாதியாக்கப்படும் இவ்வழக்கின் கொடுமையை மொழியியலாளர் எவரும் விளக்கவேண்டியதில்லை. பிரட்டுக்களத்தில் நாடோறும் பேர் பதியப்பட்ட அதே மக்களின் பேர், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாட்டின் ஏட்டில் இடம்பெறாது போயிற்று. எஞ்சியோருக்கு அவ்வுரிமையை முழுமையாக மீட்டளிக்கும் சட்டம் வர 2003 வரை செல்லவேண்டியிருந்தது. கையாக மட்டும் எண்ணப்பட்டோரை ஆறாம் அறிவுடைய குடிகளாக எண்ணுவதற்கு அரசுக்கு 55 ஆண்டுகள் தேவைப்பட்டன.

6

செயற்கை நுண்ணறிவுத் துறையின் வரலாறு இவ்வேணியை எதிர்பாராத வகையில் தலைகீழாக்கியது. 1950 இல் அலன் டூரிங் எழுதிய கட்டுரையின் முடிவில் இரு வழிகள் காட்டப்பட்டன: சதுரங்கம் போன்ற நுண்பொருட் செயலிலிருந்து தொடங்குதல், அல்லது பொறிக்குச் சிறந்த புலன்களை அளித்துக் குழந்தைக்குக் கற்பிப்பதுபோற் கற்பித்தல். 1956 ஆம் ஆண்டின் டார்ட்மத் கூட்டத்துக்குப் பின் துறையினர் பெரிதும் முதல் வழியையே மேற்கொண்டனர். அளவையும் சதுரங்கமும் ஏணியின் உச்சியில் உள்ளன. உச்சியைப் பிடித்தால் கீழ்ப்படிகள் தாமே கைவரும் என்பது அவர்கள் நம்பிக்கை. 1997 இல் கணினி சதுரங்க உலக வெற்றிவீரர் கஸ்பரோவை வென்றது. ஆனால் ஒரு வயதுக் குழந்தையின் கையசைவுகூடப் பொறிக்கு எட்டாதிருந்தது. 1988 இல் ஹான்ஸ் மொராவெக் இம்முரணைத் தெளிவாக எடுத்துரைத்தார். கூர்ப்பு நெடுங்காலம் செலவிட்டது புலனிலும் அசைவிலும். அளவைச் சிந்தனை அதன் மேலுள்ள மெல்லிய படலமே. ஆகவே நமக்கு எளிதாகத் தோன்றுவது பொறிக்கு அரிது. ரொட்னி புறூக்ஸ் எளிய பூச்சி போன்ற ரோபோக்களிலிருந்து தொடங்கவேண்டும் என்று வாதிட்டதும் இக்காரணம் பற்றியே.

தொடுகையைக் கடைப்படியில் வைத்த ஏணிகளுக்கு இது பலத்த அடியாகும். சரிவு குறைந்த தோட்டங்களில் இன்று பயன்படும் அறுவடைப் பொறிகள் தளத்தை ஒரே மட்டத்தில் கத்தரிக்கின்றன, தளிரைத் தேர்வதில்லை. தளிர்தேரும் ரோபோக்களை உருவாக்கும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடைபெறுகின்றது. அப்பொறிகள் நிகர்க்க முயல்வது, 'அவிவர்க்கம்' எனக் குறைந்த கூலி விதிக்கப்பட்ட தொழிலாளியின் அறிகையையே என்பது மனங்கொளத்தக்கது.

அண்மைக்கால வெற்றிகளின் அடித்தளத்தையும் நோக்குவோம். பொருள்களைப் படத்தில் இனங்காணும் திறனில் 2012 இல் நரம்பு வலையமைப்புக்கள் பெரும் பாய்ச்சல் கண்டன. அதற்கு உணவாக அமைந்தது இமேஜ்நெட் என்ற தொகுப்பு. ஏறத்தாழ 140 இலட்சம் படங்களுக்குப் பெயரிட்டோர், அமேசானின் மெக்கானிக்கல் டேர்க் தளத்தின்வழி 167 நாடுகளிலிருந்து பணிபுரிந்த ஏறத்தாழ 49,000 பேர். அத்தளத்தின் பெயர், 18 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசவைகளை வியக்கவைத்த சதுரங்கப் பொறியின் பெயராகும். அப்பொறிக்குள்ளே மனிதன் ஒருவன் ஒளிந்திருந்தான். இன்று தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் இளைஞர்கள் துண்டு வேலையாகப் படங்களுக்கும் சொற்களுக்கும் குறியிடுகின்றனர். கொழுந்து நிறுப்பதுபோல் அவர்கள் இட்ட குறிகளும் எண்ணப்படுகின்றன.

இத்தாலிய ஆய்வாளர் மத்தேயோ பஸ்குவினெல்லி 2023 இல் வெளியிட்ட நூலுக்கு 'எஜமானின் கண்' என்று பொருள்படும் பெயரிட்டார். தனிமனித மூளையைப் பொறி நகல்செய்கின்றது என்பது தோற்றம். உழைப்புப் பிரிவினையையும் அதனை மேற்பார்வை செய்யும் கண்ணையுமே அது நகல்செய்கின்றது என்பது அவர் வாதம். 1832 இல் சார்ள்ஸ் பாபேஜ் உழைப்புப் பிரிவினையை ஆராய்ந்தபோதே கணிப்புப் பொறியின் கருவும் அதனுள் இருந்தது. 1974 இல் ஹரி பிரேவர்மன் திட்டமிடுதலும் நிறைவேற்றுதலும் முதலாளித்துவத்தில் பிரிக்கப்படுவதை விரித்துரைத்தார். மலையகத் தமிழர் இவ்வாதத்தை உணர்வதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. எஜமானின் கண் என்பதற்கு அவர்களது அகராதியில் இரு நூற்றாண்டுப் பழமையுள்ள சொல் உண்டு. தூர்ச்சின் உச்சியில் வைத்த கட்டுப்பாடு, பிரட்டுக்களத்திலிருந்து பார்க்கும்போது கங்காணியின் முகத்தோடு தோன்றுகின்றது.

இதனால் பொறியை வெறுக்கவேண்டும் என்பது பொருளன்று. முதுகில் கூடை சுமந்து அட்டைக்கடியில் நிற்றலைத் தெய்வீகமாக்குவது உழைப்பவருக்குச் செய்யும் துரோகம். பெண்களின் 'மெல்லிய விரல்களை' வியந்து பேசும் பேச்சிலும் நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். 1981 இல் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் காட்டியபடி, பயிற்சியால் பெற்ற திறனைப் பிறவி இயல்பென்று கூறுவது கூலியைக் குறைப்பதற்கான உத்தியாகும். திறனை இயல்பூக்கமாக்குவது, மக்களை மீண்டும் மாக்கள் ஆக்குவதே.

7

நமது திறனாய்வு இவ்விடயத்தில் என்ன செய்துள்ளது? மலையக இலக்கியத்தைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்ததில் முற்போக்குத் திறனாய்வுக்குப் பெரும் பங்குண்டு. நாட்டார் பாடல்களைச் சமூக வரலாற்றுச் சான்றாக ஏற்றமை அதன் சாதனை. ஆனால் அச்சான்று பெரும்பாலும் துயரத்தின் சான்றாக மட்டுமே வாசிக்கப்பட்டது. கடல்கடந்த பயணம், கங்காணியின் கொடுமை, லயத்து வாழ்வு, பிரிவு என்று பாடல்கள் வகுக்கப்பட்டன. பாடியவர் எதனை உணர்ந்தார் என்று கேட்டோம். எதனை அறிந்தார் என்று கேட்டோமல்லோம். உணர்ச்சி அவர்களுடையது, அறிவு விமரிசகருடையது என்ற பிரிவினை நமது எழுத்திலும் ஓசையின்றிப் புகுந்தது. இரக்கத்தோடு வரையப்பட்டாலும் அதுவும் ஓர் ஏணியே.

இதற்கு மாறான வாசிப்புக்கு நமது படைப்பாளிகளே வழிகாட்டியுள்ளனர். 1914 இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, ஆங்கிலத்திற் கவிதை புனைந்த அதே கையால் மலைநாட்டு மக்களின் பாடல்களையும் திரட்டினார். பாடியோரை நாட்டைக் கட்டிய உழைப்பாளராகக் காட்டியமை அவரது எழுத்தின் வலிமை. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இன்னும் குறிப்பாக நோக்கத்தக்கது. கொழுந்தெடுக்கும் பெண்ணின் தொழில்திறனையே அது கதையின் அச்சாக்கியது. அத்திறனைப் பிறர் ஐயுறுவதிலிருந்து கதையின் முரண் பிறக்கின்றது. அக்கதையைக் காதற்கதையாகவோ தோட்டச் சித்திரமாகவோ வாசித்து நிறுத்துவது போதாது. ஒருத்தியின் அறிவு அறிவாக ஏற்கப்படுமா என்ற போராட்டமே அதன் உள்ளடக்கம் என்று வாசிக்கும்போது, அது இக்கட்டுரை எழுப்பும் வினாவுக்குத் தமிழ்ப் புனைகதை முன்கூட்டியே அளித்த விடையாகின்றது.

இவ்வாசிப்பின் தேவை இன்று கூடியுள்ளது. 2022 இன் இறுதியிலிருந்து உலகெங்கும் பரவிய மொழி மாதிரியுருக்கள் எழுதப்பட்டவற்றிலிருந்தே கற்கின்றன. எழுத்தில் இல்லாதது அவற்றுக்கு இல்லாததே. கவ்வாத்துக் கத்தியின் கோணம், நிரையின் ஒழுங்கு, தப்பின் அடிவேறுபாடுகள், தளிரின் பருவங்களுக்கான பெயர்கள் ஆகியன பெரிதும் வாய்மொழியிலும் கைப்பழக்கத்திலுமே வாழ்கின்றன. தோட்டத்து இளைஞர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைதேடிச் செல்ல, அவை வழக்கிறந்து வருகின்றன. உழைப்பிலிருந்து மக்கள் விடுபடுவது வரவேற்கத்தக்கது. அவர்களது அறிவு பதியப்படாமல் அழிவது வரவேற்கத்தக்கதன்று.

8

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். அறிகையின் கூர்ப்பைப் படிகளாக வகுத்தல் பயனுள்ள முயற்சியே. இயற்கைக்கும் சிந்தனைக்குமுள்ள உறவை அது பொருள்முதல்வாத அடிப்படையில் விளக்க உதவுகின்றது. ஆனால் உயிரியலில் தொடங்கும் மாதிரியுரு மனிதனை அடைந்ததும் உழைப்பையும் உழைப்புப் பிரிவினையையும் தன்னுள் கொள்ளாவிடின், சமூகத்தின் ஏற்றத்தாழ்வையே அறிவின் ஏற்றத்தாழ்வாகக் காட்டிவிடும். மரபியலின் மாக்கள் தொடங்கித் தோட்டத்தின் கை, பொறிக்குள் மறைந்த குறியிடுவோர் வரை இத்தவறு தொடர்கின்றது.

நமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இவ்விடயத்தில் ஆற்றத்தக்க பணி தெளிவானது. மலையகத் தொழிற்சொற்களின் அகராதி, அச்சொற்கள் வழங்கும் செயல்முறைகளின் விளக்கத்தோடு தொகுக்கப்படல் வேண்டும். நாட்டார் பாடல்களும் சிறுகதைகளும் தொழிலறிவின் ஆவணங்களாக மீள வாசிக்கப்படல் வேண்டும். இப்பணியில் தோட்டத் தொழிலாளர் தகவல் தருவோராக மட்டும் நில்லாது, உடனாய்வாளராகவும் உரிமையாளராகவும் பங்குபெறல் வேண்டும். அவர்கள் ஈட்டிய அறிவு யாதொரு நிறுவனத்தின் பொறிக்கும் விலையில்லாத் தீனியாகிவிடாதிருக்க இந்நிபந்தனை இன்றியமையாதது. இறம்பொடைச் சரிவில் கொழுந்தெடுக்கும் பெண் தன் விரலால் சிந்திக்கின்றாள் என்பதை உருவகமாகவன்றி அறிவியற் கூற்றாகவே ஏற்று ஆராயும்போது, ஆறாம் அறிவு பற்றிய நமது பழைய இலக்கணமும் புதிய கணினியியலும் ஒருங்கே திருத்தம் பெறும்.